எபிசோட் 41: தாத்தாவோட எச்.எம்.டி. ஒரிஜினலா?

(பேசினதை அப்படியே போடாம, படிக்கிறதுக்கு வசதியா கொஞ்சம் திருத்தி, 'வந்து', 'ஆக்சுவலா' எல்லாத்தையும் எடுத்துட்டுப் போட்டிருக்கேன்.)

இந்த எபிசோட் ஒரு அவமானத்துலதான் ஆரம்பிக்குது.

சென்னைல எங்கள மாதிரி வாட்ச் பைத்தியங்கள் ஒரு பதினஞ்சு பேர் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு காபி கடையில கூடுவோம். மேஜை மேல ஒரு கறுப்புத் துணி விரிச்சிருக்கும். அவங்கவங்க கைல இருக்கிறதக் கழட்டி அதுல வைப்பாங்க. சீக்கோ இருக்கும், கேசியோ இருக்கும், போனஸ் மொத்தத்தையும் கொடுத்து வாங்கின ஒரு சுவிஸ் வாட்ச்சும் இருக்கும். ஒவ்வொருத்தரும் தன்னுதைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும். மத்தவங்க லென்ஸ் வச்சுப் பார்த்துக் கேள்வி கேப்பாங்க.

நான் கொண்டு போனது எங்க தாத்தாவோட எச்.எம்.டி. ஜனதா. வெள்ளை டயல், சாவி கொடுக்கிற வாட்ச். 'எங்க ஊர் மாகறல், காஞ்சிபுரத்துலருந்து உத்திரமேரூர் போற வழியில செய்யாத்தங்கரை, தாத்தா 1974ல வாங்கினது' அப்படின்னு நான் கொஞ்சம் குரல் தழுதழுக்கப் பேசி முடிச்சேன். எல்லாரும் தலையாட்டினாங்க. எதிர்ல இருந்த நண்பர் மட்டும் லென்ஸ கண்ணுலருந்து எடுக்காம சொன்னார்: "ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க. இது ஃப்ராங்கன்."

ஃப்ராங்கன்ஸ்டைன் கதையிலருந்து வந்த வார்த்தை. நாலு வாட்ச்சோட உறுப்புகளைச் சேர்த்துத் தைச்ச ஒரு வாட்ச்னு அர்த்தம். டயல் மறுபடி பெயின்ட் அடிச்சது. நிமிஷ முள் வேற மாடலோடது. சாவி கொடுக்கிற திருகுல எச்.எம்.டி. முத்திரையே இல்ல. அவர் சொன்னது எல்லாமே உண்மை, நானும் லென்ஸ்ல பார்த்தேன். அன்னிக்கு நான் குடிச்ச காபி எவ்வளவு கசந்ததுன்னு சொல்ல வேணாம்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அங்க தெரிஞ்சுக்கிட்டதும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதும்தான் இந்த எபிசோட்.

கைக்கு வர்றதுக்கு முன்னாடி நேரம் எங்க இருந்தது?

மாகறல தெரியாதவங்களுக்கு: அங்க திருமாகறலீசுவரர் கோயில் இருக்கு. திருஞானசம்பந்தர் பாடின தலம். ராஜேந்திர சோழன் ஒரு பொன் உடும்பைத் துரத்தி வந்து, அது புத்துக்குள்ள ஓடி ஒளிஞ்ச இடத்துல லிங்கம் கிடைச்சதுன்னு தல புராணம். லிங்கம் உடும்போட வால் மாதிரிதான் இருக்கும். எங்க ஆயாவுக்கு சின்ன வயசுல நேரம்னா அந்தக் கோயில் மணிதான். காலையில ஒண்ணு, உச்சிகாலத்துக்கு ஒண்ணு, சாயரட்சைக்கு ஒண்ணு. மத்ததெல்லாம் வேப்பமரத்து நிழல் எங்க விழுதுங்கிறத வச்சு.

ஆனா நிழல் எல்லாத்துக்கும் போதாது. தண்ணிக்குப் போதாது. நம்ம ஊர்ல நேரத்த அளக்க வேண்டிய கட்டாயம் முதல்ல எங்கருந்து வந்ததுன்னு கேட்டா, பூசைக்கும் ஜோசியத்துக்கும் சமமா நான் தண்ணியச் சொல்லுவேன். பக்கத்துல உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் வருஷங்கள். குடவோலைத் தேர்தல்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்போம். அந்தத் தேர்தல்ல என்னென்ன குழுவுக்கு ஆள் எடுத்தாங்கன்னு பார்த்தீங்கன்னா ஒண்ணு ஏரி வாரியம். தண்ணியப் பார்த்துக்கிறதுக்குன்னே ஒரு கமிட்டி. ஏரித் தண்ணி யாருக்கு எவ்வளவுங்கிறது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஊர்ப் பிரச்சினை.

அப்ப அளவு நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். அடியில சின்ன ஓட்டை போட்ட ஒரு கிண்ணத்த தண்ணி மேல மிதக்க விட்டா, உள்ள தண்ணி ஏறி, சரியா ஒரு நாழிகையில மூழ்கும். நாழிகை வட்டில்னு பேரு. மூழ்கினதும் எடுத்துக் கொட்டிட்டு மறுபடி மிதக்க விடணும். இதப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்க ஒரு ஆள் வேணும், அவர் தூங்கக் கூடாது. சங்க இலக்கியத்துலயே, முல்லைப்பாட்டுல, பாசறையில ராஜாவுக்கு நேரம் சொல்ற நாழிகைக் கணக்கர் வர்றாங்க. யோசிச்சுப் பார்த்தா அது ஒரு போலிங் லூப். ஆள் வச்சு ஓட்டின வைல் ட்ரூ.

இதுக்கப்புறம் ஒரே தாவா தாவிடறேன். கிழக்கிந்திய கம்பெனி 1792ல மெட்ராஸ்ல ஒரு வானிலக்கியக் கூடம் கட்டினாங்க, நுங்கம்பாக்கத்துல. இப்ப வானிலை ஆய்வு மையம் இருக்கே, அதே வளாகம். அந்தக் கூடத்தோட கருங்கல் தூண் ஒண்ணு இன்னும் அங்க நிக்குது, தமிழ்லயும் அதுல எழுதியிருக்கு. அங்க வேலை பார்த்த ஜான் கோல்டிங்ஹாம் 1802ல கணக்குப் போட்டு, மெட்ராஸ் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னாடின்னு சொன்னார். கோட்டையில தினம் ராத்திரி 8 மணிக்கு பீரங்கி போடுவாங்க. அதக் கேட்டு ஊர் கடிகாரத்த சரி பண்ணிக்கும்.

ரயில் வந்தப்ப சிக்கல் பெருசாச்சு. கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம். எந்த நேரத்துல டைம்டேபிள் போடறது? மெட்ராஸ் நேரம் கிட்டத்தட்ட ரெண்டுக்கும் நடுவுல இருந்தது, கூடவே வானிலக்கியக் கூடமும் இருந்தது. அதனால 1870லருந்து இந்திய ரயில்களுக்கு மெட்ராஸ் நேரம். தந்தி வழியா ஸ்டேஷன் ஸ்டேஷனா போகும். 1906 ஜனவரி 1லதான் இப்ப இருக்கிற 5:30 வந்தது. அதுக்கப்புறமும் கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் முரண்டு பிடிச்சது தனிக் கதை.

கோட் எழுதறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். பைத்தான்ல பழைய டைம்ஸோன் லைப்ரரியத் தப்பா கூப்பிட்டா இந்திய நேரம் 5:30க்குப் பதிலா 5:53ன்னு வருமே, ஞாபகம் இருக்கா? என் முதல் வேலையில அந்த பக்னால ஒரு ராத்திரி தூக்கம் போச்சு. அந்த 5:53 கல்கத்தாவோட பழைய உள்ளூர் நேரம். உலகத்துல நிறைய கம்ப்யூட்டர் பயன்படுத்தற அந்த டைம்ஸோன் பட்டியல்ல 'ஏசியா/கொல்கத்தா'ங்கிற பேருக்குக் கீழ முதல்ல கல்கத்தா நேரம், 1870லருந்து 1906 வரைக்கும் மெட்ராஸ் நேரம், அப்புறம் ஐ.எஸ்.டி. ரெண்டாம் உலகப் போர்ல ஒரு மணி நேரம் தள்ளி 6:30 ஆக்கினதும் அதுல இருக்கு. உங்க போன்லயும் இருக்கு.

மாகறல் கிட்டத்தட்ட 79.7 டிகிரி கிழக்கு. இந்திய நேரத்துக்கு அடிப்படையான கோடு 82.5 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். அதாவது எங்க ஊர்ல சூரியன் தலைக்கு மேல வர்றது சராசரியா 12 மணி 11 நிமிஷத்துக்கு. ஆயாவோட வேப்பமர நிழலும் தாத்தாவோட வாட்ச்சும் ஒருநாளும் ஒத்துப் போகாம இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். ஆயா இன்னிக்கும் நிழல்தான் சரிங்கறாங்க.

மணி கேக்கணும்னா யாரக் கேக்கறது

கைக்கடிகாரம் ரொம்ப காலத்துக்கு அதிகாரத்தோட சம்பந்தப்பட்டது. ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர், ஹெட்மாஸ்டர். பட்டாளத்துலருந்து திரும்பினவங்க. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, ஃபாவ்ரே லூபா, ரெண்டுமே சுவிஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே இந்தியாவுக்கு வந்துட்டாங்க. மெட்ராஸ்ல வாங்கணும்னா மவுண்ட் ரோட்டுல மணிக்கூண்டு வச்ச பி.ஆர் அண்டு சன்ஸ். ஊர்ல ஒருத்தர் கைல வாட்ச் இருந்தா, போற வர்றவங்க எல்லாம் அவர நிறுத்தி மணி கேப்பாங்க. அது கேள்வி மட்டும் இல்ல, ஒரு மரியாதையும்கூட.

சுதந்திரத்துக்கு அப்புறம் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, வரி. அதனால ரெண்டு வழிதான். ஒண்ணு, சிங்கப்பூர்லருந்தோ மலேசியாவுலருந்தோ வர்ற மாமா. சீக்கோ 5ம் சிட்டிசனும் தமிழ்நாட்டுக்கு அப்படித்தான் பெட்டி பெட்டியா வந்தது. இன்னொண்ணு கடத்தல். அறுபதுகள் கடைசியில பர்மாவுலருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் வந்தது. 'ஃபாரின் வாட்ச்'னா அங்கதான்னு ஒரு தலைமுறைக்கே பழக்கமாச்சு. பழைய தமிழ்ப் படத்துல வில்லன் பெட்டியத் திறந்தா உள்ள வரிசையா வாட்ச் இருக்குமே, அது சும்மா வச்ச சீன் இல்ல.

மாகறல்ல ஒரு விவசாயிக்கு இந்த ரெண்டு வழியும் கிடையாது. அங்கதான் எச்.எம்.டி. வருது.

தேசத்துக்கு ஒரு வாட்ச்

ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். 1953ல பெங்களூருல ஆரம்பிச்ச பொதுத்துறை கம்பெனி. பேர்லயே இருக்கு, லேத்து மாதிரி இயந்திரம் செய்யற கம்பெனி. அவங்க 1961ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனியோட கூட்டுச் சேர்ந்து வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க. முதல் வாட்ச்சுகளை வெளியிட்டது நேரு. இது எனக்கு விசித்திரமாப் படும். அணை, உருக்காலை, கூடவே கைக்கடிகாரம். ஆனா யோசிச்சா புரியும். எல்லாரும் ஷிஃப்டுக்கு நேரத்துக்கு வரணும்னா முதல்ல நேரம் எல்லார் கைலயும் இருக்கணும். 'ஜனதா'ன்னு பேர் வச்சதும் அதனாலதான். டயல்ல அந்தப் பேர இந்தியில எழுதியிருக்கும்.

உள்ள இருக்கிற மெஷின் சிட்டிசனோட டிசைன். 17 கல். சின்ன செயற்கை மாணிக்கக் கற்கள், சக்கரங்களோட அச்சு தேயாம இருக்க. கீழ விழுந்தா அச்சு உடையாம இருக்க ஒரு சின்ன ஸ்பிரிங் அமைப்பு, டயல்ல 'பாரா ஷாக்'னு எழுதியிருக்கே, அது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு 5. ஒரு நாளுக்கு 4,32,000. இவ்வளவு துடிச்சும் ஒரு நாளுக்கு அரை நிமிஷம் முன்ன பின்ன போனா அது 0.035 சதவீதம்தான் பிழை. பேட்டரி இல்ல, சர்க்யூட் இல்ல, காலையில பத்து இருபது சுத்து சாவி கொடுத்தா ஒன்றரை நாள் ஓடும். நான் சர்வர் அப்டைம் பார்த்துச் சம்பளம் வாங்கறவன். எனக்கு இது பெரிய விஷயம்.

ஜனதாவோட நிக்கல. பைலட், சோனா, கோஹினூர், பட்டாளத்துக்காரங்களுக்கு ஜவான், பார்வை இல்லாதவங்களுக்குத் தடவிப் பார்க்கிற பிரெய்ல் வாட்ச். காஞ்சன்னு ஒரு ஆட்டோமேட்டிக், மாப்பிள்ளை வீட்டுல கேட்டு வாங்கற அளவுக்குப் போச்சு. பெங்களூரு பத்தாம ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக்னு ஃபேக்டரிகள். அப்பவும் பத்தல. காசு இருந்தா மட்டும் போதாது, சொல்லி வைக்கணும், காத்திருக்கணும். இப்ப நாம ஃபிளாஷ் சேல்ல ரிஃப்ரெஷ் பண்ணிக்கிட்டு இருக்கோமே, அதே கதைதான், பல மாசத்துக்கு இழுத்து.

எங்க தாத்தா ஏன் வாங்கினார்? ஸ்டைலுக்குன்னுதான் நான் இத்தனை நாளா நினைச்சேன். ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவுல கைய நெஞ்சு மேல வச்சு வாட்ச் தெரியற மாதிரி நிப்பார். ஆயாகிட்ட கேட்டேன். "ஸ்டைலா? மோட்டாருக்குடா," அப்படின்னாங்க.

தாத்தாவுக்கும் அவங்க அண்ணனுக்கும், அதாவது என் பெரிய தாத்தாவுக்கும், பாகம் பிரிஞ்சப்ப நிலம் பிரிஞ்சது, கிணறு பிரியல. ஒரே கிணறு, ஒரே மோட்டார். மோட்டார் ஓடற அளவுக்கு கரண்ட் ஒரு நாள்ல கொஞ்ச நேரம்தான் வரும். அத ரெண்டு பங்காளியும் பாதி பாதியா முறை வச்சு ஓட்டணும். யார் எவ்வளவு நேரம் ஓட்டினாங்கன்னு தினம் சண்டை. நிழல் பார்த்துச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. ராத்திரியில நிழலும் கிடையாது. ஒரு தடவை மண்வெட்டி வரைக்கும் போயிருக்கு. கடைசியில பஞ்சாயத்துல பெரியவங்க சொன்னது: கடிகாரம் வாங்குங்க. தாத்தா நெல்லு வித்த காசுல நூத்திச் சொச்சம் கொடுத்து காஞ்சிபுரத்துல வாங்கினார். பெரிய தாத்தா வாங்கல. ஆனா தம்பியோட வாட்ச்ச நம்பவும் மாட்டேன்னுட்டார். அதனால தினமும் டீக்கடை ரேடியோவுல ஆகாசவாணி செய்திக்கு முன்னாடி வர்ற அந்த 'பீப் பீப்' சத்தத்துக்கு, ரெண்டு பேரும் நிக்க, வாட்ச்ச சரி பண்ணணும்னு ஏற்பாடு.

இத ஆயா சொல்லும்போது எனக்கு சிரிப்பும் வந்தது, புல்லரிக்கவும் செஞ்சது. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ல ரெண்டு நோடும் ஒண்ண ஒண்ணு நம்பலன்னா என்ன பண்ணுவோம்? வெளிய ஒரு டைம் சர்வர் வைப்போம்.

ஓசூர்

இப்ப கொஞ்ச நேரம் ஜப்பானுக்குப் போகணும். 1969 டிசம்பர் 25, டோக்கியோ. சீக்கோ கம்பெனி 'ஆஸ்ட்ரான்'னு உலகத்தோட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்த விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென், ஒரு கார் விலை. குவார்ட்ஸ்னா ஒரு சின்ன படிகத் துண்டு. மின்சாரம் கொடுத்தா சீரா அதிரும். இன்னிக்கு வர்ற வாட்ச்சுகள்ல அது விநாடிக்கு 32,768 தடவை. ஏன் அந்த நம்பர்? 2இன் 15ஆம் அடுக்கு. பதினஞ்சு தடவை பாதியாக்கினா சரியா 1. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல ஃபிளிப் ஃபிளாப் எதுக்குன்னு தூங்கி வழிஞ்சோமே, இதுக்குத்தான். மாசத்துக்கே பதினஞ்சு இருபது விநாடிதான் பிழை. சாவி கொடுக்கிற வாட்ச் இதோட போட்டி போடவே முடியாது. சில வருஷத்துல விலையும் சரிஞ்சது, சுவிட்சர்லாந்துல ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு.

இந்தியாவுல அந்த அலைய சரியாப் பிடிச்சது தமிழ்நாடு. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது. டைட்டன் வெறும் டாடா கம்பெனி இல்ல. 1984ல டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்சது. பேரே அப்படித்தான்: டாடா இண்டஸ்ட்ரீஸ்லருந்து 'டை', தமிழ்நாடுலருந்து 'டன்'. டிட்கோகிட்ட கிட்டத்தட்ட 28 சதவீதப் பங்கு. ஃபேக்டரி ஓசூர்ல. மெஷினுக்கான தொழில்நுட்பம் ஃபிரான்ஸோட ஃபிரான்ஸ் எபோஷ் கம்பெனிகிட்டருந்து. நடத்தினவர் செர்க்ஸஸ் தேசாய். பிடிவாதமா குவார்ட்ஸ்தான்னு முடிவெடுத்தாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது விளம்பரத்துல வர்ற மோசார்ட் இசை இல்ல, ஆள் எடுத்த விதம். பள்ளிக்கூடம் முடிச்ச பதினேழு பதினெட்டு வயசுப் பசங்களையும் பொண்ணுங்களையும் தமிழ்நாட்டுல பல மாவட்டங்கள்லருந்து எடுத்து, ஓசூர்ல தங்க வச்சு, வீட்டப் பிரிஞ்சு வந்த சின்னப் பிள்ளைங்கன்னு பார்த்துக்கிறதுக்கு அங்க வளர்ப்புப் பெற்றோர் மாதிரி குடும்பங்களையும் ஏற்பாடு பண்ணினாங்க. மாற்றுத் திறனாளிகளையும் சேர்த்தாங்க. ஊர்ல மாடு மேய்ச்ச வீட்டுப் பிள்ளைங்க மைக்ரான் கணக்குல உதிரிபாகம் பொருத்தினாங்க. அதே ஃபேக்டரிதான் 2002ல எட்ஜ்னு 3.5 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு வாட்ச்ச வெளிய விட்டது. உள்ள இருக்கிற மெஷின் 1.15 மில்லிமீட்டர்.

எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செஞ்சது. ஆனா அதோட கையும் மனசும் சாவி கொடுக்கிற வாட்ச்சுலயே இருந்தது. டைட்டன் ஷோரூம் போட்டு, வாட்ச்ச நகை மாதிரி வித்தாங்க. எச்.எம்.டி. ரேஷன் கடை மாதிரி வித்தது. தொண்ணூறுகள்ல இறக்குமதியும் திறந்துவிட்டதும் நஷ்டம் மேல நஷ்டம். 10 கோடிக்கும் மேல வாட்ச் செஞ்ச நிறுவனம். 2016 ஜனவரியில மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸ மூட ஒப்புதல் கொடுத்துடுச்சு. பெங்களூரு ஜாலஹள்ளியில இப்ப ஒரு அருங்காட்சியகம் இருக்கு, அவசியம் போய்ப் பாருங்க. எங்க வீட்டுலயும் இது நடந்திருக்கு: எங்கப்பா தன் முதல் சம்பளத்துல தாத்தாவுக்கு வாங்கிக் கொடுத்தது டைட்டன். எச்.எம்.டி. டிரங்குப் பெட்டிக்குள்ள போயிடுச்சு.

போலிக்கும் ரிப்பேருக்கும் நடுவுல

மூடின செய்தி வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. யாரும் சீண்டாத எச்.எம்.டி.ய எல்லாரும் தேட ஆரம்பிச்சாங்க. நானும்தான். வெளிநாட்டுக்காரங்களும் வாங்கினாங்க. தேவை வந்தா சப்ளை வரும். பழைய மெஷின், கிடைச்ச கேஸ், புதுசா பெயின்ட் அடிச்ச டயல், ஆரஞ்சு, பிங்க், பச்சைன்னு விதவிதமான கலர். உலகம் பூரா இதுக்கு 'மும்பை ஸ்பெஷல்'னே பேரு. நான் ஒரு ஆன்லைன் கடையில 'பழைய ஸ்டாக், கை படாதது'ன்னு போட்டிருந்த ஆரஞ்சு டயல் பைலட் ஒண்ணு வாங்கி ஏமாந்திருக்கேன். வந்து ரெண்டு வாரத்துல டயல்லருந்து பெயின்ட் உரிஞ்சு முள்ளுல சிக்கி நின்னு போச்சு.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா: லென்ஸ் வச்சு எழுத்துகளோட ஓரத்தப் பாருங்க. அச்சடிச்சது கூர்மையா இருக்கும், மறுபடி போட்டது மெழுகினாப்ல இருக்கும். நிமிஷக் கோடுகளும் மணிக் கோடுகளும் ஒரே நேர்ல இருக்கான்னு பாருங்க. ஐம்பது வருஷ வாட்ச்சுல பளபளன்னு டயல் இருந்தா சந்தேகப்படுங்க. முள்ளும் டயலும் ஒரே அளவுக்கு வயசாகியிருக்கணும்.

இதே சோதனையில என் தாத்தா வாட்ச்சும் ஃபெயில். அப்ப ரெண்டும் ஒண்ணா? எங்க கூட்டத்துல பாதிப் பேர் ஆமாங்கறாங்க. கலெக்டர் கண்ணுல பார்த்தா ரெண்டும் ஒரே ரகம், விலையும் ஒரே விலைதான். நான் ஒத்துக்கல. ஒண்ணு வாங்கறவனை ஏமாத்தச் சேர்த்தது. இன்னொண்ணு, போட்டிருந்தவருக்கு நாளைக்கு வாட்ச் ஓடணும்கிறதுக்காகச் சேர்த்தது. இதச் சொல்லிட்டேனே தவிர, என் வாட்ச் அந்த ரெண்டாவது ரகம்தான்னு என்கிட்ட ஆதாரம் இல்ல. டிரங்குப் பெட்டியிலருந்து வந்ததுங்கிறது ஆதாரம் ஆகாது. நடுவுல யாராவது மாத்தியிருக்கலாமே?

அதனால ஆயாவ விட்டுட்டு சித்தப்பாவோட காஞ்சிபுரம் போனேன். ஒரு சந்துல, கண்ணாடிப் பெட்டி வச்ச ஒரு ரிப்பேர் கடை. பெரியவர், எழுபதுக்கு மேல இருக்கும். முன்னாடி பாதிக் கடையில அவர் மகன் மொபைல் கவர் விக்கிறார். "ஐயா, இதத் திறந்து பார்க்கணும்"னு கொடுத்தேன். கண்ணுல லென்ஸ மாட்டி, கத்தியால பின் மூடியத் தட்டித் திறந்தார். மெஷினப் பார்க்கல. மூடியத் திருப்பி உள்பக்கத்த வெளிச்சத்துல காட்டினார்.

"படி தம்பி," அப்படின்னார்.

உள்ள ஊசியால கீறின மாதிரி சின்னச் சின்ன எழுத்து. 8-77. 2-81. 11-84. 5-90. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு குறி. ரிப்பேர் பண்றவங்க சர்வீஸ் பண்ணின மாசத்த மூடிக்குள்ள கீறி வைப்பாங்களாம், திரும்ப வந்தா எப்ப எண்ணெய் போட்டோம்னு தெரியணும்ல. லாக் ஃபைல். நான் கடையிலயே சத்தம் போட்டுச் சிரிச்சுட்டேன். 81ம் 84ம் ஒரே குறி. "இது ரெண்டும் என் கை"ன்னார் பெரியவர்.

சித்தப்பாவுக்கு 84 ஞாபகம் இருந்தது. ஐப்பசி மழை, கிணறு நிரம்பியிருந்தது. மோட்டார் போட இறங்கின தாத்தா வழுக்கி இடுப்பளவு தண்ணியில விழுந்துட்டார். வாட்ச்சுக்குள்ள தண்ணி. மூணு நாள் அப்படியே போட்டிருந்திருக்கார், டயல் துருப் பிடிச்சுப் போச்சு. பெரியவர்கிட்ட கேட்டேன், ஒரிஜினல் டயல் அப்ப கிடைக்கலையான்னு. "கம்பெனி டயலுக்கு எழுதிப் போட்டா எப்ப வரும்னு யார் சொல்றது. உங்க தாத்தாவுக்கு ரெண்டு நாள்ல வேணும். மோட்டார் முறைன்னார்." டயல மெட்ராஸுக்கு ஆள் மூலமா அனுப்பி பெயின்ட் அடிச்சு வாங்கியிருக்கார். முள்ளு கைல இருந்த வேற வாட்ச்சோடது. திருகு அதுக்கும் முன்னாடியே மாத்தினது.

இன்னொரு கீறல் மட்டும் வேற கை. தேதி இல்ல. '417'னு மூணு எண். பெரியவர் அதப் பார்த்துட்டு எதுவும் சொல்லாம சித்தப்பாவப் பார்த்தார். சித்தப்பாவும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம்தான் சொன்னார், அது அடகுக் கடை நம்பர். அத்தை கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருஷம் விளைச்சல் இல்ல. தோடு, அண்டா எல்லாம் போனதுக்கு அப்புறம் வாட்ச்சும் போயிருக்கு. எனக்கு இது யாரும் சொன்னதே இல்ல.

"அப்புறம் யார் மீட்டது?"

"உங்க பெரிய தாத்தா."

ரெண்டு பேரும் பேசிக்காத காலம் அது. நான் ஊருக்குத் திரும்பி வந்து ஆயாகிட்ட கேட்டேன், அண்ணன் தம்பி பாசம்தானே ஆயா அது, அப்படின்னு. ஆயா வெத்தலைய மடிச்சுக்கிட்டே, "பாசமா? கடிகாரம் இல்லாம உங்க தாத்தன் மோட்டார நிறுத்தவே மாட்டேன்னுட்டாரு. அதான் காசக் கட்டி எடுத்தாந்து கைல கொடுத்துட்டுப் போனாரு. ஒரு வார்த்தை பேசல," அப்படின்னாங்க. கொஞ்சம் பொறுத்து, "வட்டியும் கேக்கல"ன்னாங்க.

இப்ப அந்தக் கிணத்துல தண்ணி இல்ல. ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி போர்.

காபி கடை நண்பர், பாவம், நல்ல மனுஷன், தன்கிட்ட ஒரு சுத்தமான ஒரிஜினல் ஜனதா டயலும் முள்ளும் இருக்கு, விலைக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தார். மாத்திட்டா வாட்ச் கிட்டத்தட்ட 'சரியானது' ஆயிடும். வேணாம்னுட்டேன். ஆனா ஓட்டமா இல்லாம வைக்கவும் மனசு வரல. பெரியவர்கிட்ட சர்வீஸுக்குக் கொடுத்தேன். எண்ணெய் போட்டு, மெயின் ஸ்பிரிங் மட்டும் மாத்தினார். ஒரு வாரம் கழிச்சு வாங்கப் போனப்ப மூடியத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டேன். இந்த மாசத்தையும் கீறி வச்சிருந்தார். கை நடுக்கத்துல எண் கொஞ்சம் கோணல்.

இப்ப கைல கட்டியிருக்கேன். நாளுக்கு நாப்பது விநாடி பின்னாடி போகுது. உங்க வீட்டுலயும் ஓடாத வாட்ச் ஏதாவது இருந்தா, பாலிஷ் போடக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரிப்பேர் கடையில பின் மூடியத் திறக்கச் சொல்லி உள்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நல்லா வந்தா அத வச்சே இன்னொரு எபிசோட் பண்ணலாம். அடுத்த தடவை பர்மா பஜார் பத்திப் பேசறேன்.